நடப்பதற்கென்று ஒரு விடுமுறை

கதிர்காமத்திற்கு நேர்த்திக்கடனுக்காக நடந்தால் அது பக்தி. சிவனொளிபாத மலையில் இரவிரவாக ஏறினால் அது புண்ணியம். பஸ் வராத நாளில் வேலைக்கு நடந்தால் அது தலைவிதி. ஆனால் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு, எந்தத் தேவையும் இல்லாமல், விடுமுறை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்தால், அதை என்னவென்று சொல்வது என்று தெரியாமல் நம்மவர்கள் விழிக்கிறார்கள். "காசு கூடிவிட்டதா, மூளை குறைந்துவிட்டதா?" என்று என் காதுபடவே கேட்டவர்களும் உண்டு. இந்தக் காரணமற்ற நடைக்கு ஆதரவாகச் சில வார்த்தைகள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆதரவோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முன்னர் என்னோடு பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் இப்போது கலிபோர்னியாவில் வசிக்கிறார். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பிள்ளைகளுக்குப் பாடசாலை, நீச்சல், வயலின், ஞாயிறு தமிழ் வகுப்பு. அவர்கள் நான்கு நாள் விடுமுறையில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போய்ப் பாலைவனத்தில் நடந்துவிட்டு வந்தார்கள். மொஹாவி, கொலராடோ என்னும் இரு பாலைவனங்கள் சந்திக்கும் இடம் அது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லீற்றர் தண்ணீராவது எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். படங்களை மாத்தளையில் இருக்கும் தாயாருக்கு அனுப்பினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்த அம்மா தொலைபேசியில் கேட்டாராம்: "ஏன்டா தம்பி, அம்புட்டுச் செலவு பண்ணி வெயில்ல நடக்கவா போனீங்க? நம்ம தாத்தாமாரு நடந்து வந்தது பத்தாதா?"

நண்பர் இதை நகைச்சுவையாகவே எழுதியிருந்தார். எனக்கு அது நகைச்சுவையாகத் தோன்றவில்லை. நமது இலக்கிய மரபிலே பாலை என்பது தனியொரு நிலம் அன்று. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் வளம் திரிந்தால் அதுவே பாலை. அதற்கு உரிய ஒழுக்கம் பிரிதல். வறண்ட நிலத்தில் நடப்பவன் பொருள் தேடிப் போகிறவன்; வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். பாலையில் பொழுதுபோக்குக்காக நடந்தவர் எவரும் நம் நினைவில் இல்லை.

மலையகத் தமிழருக்கோ பாலை என்பது ஏட்டில் உள்ள திணை மட்டும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில், தமிழகத்திலிருந்து தோணியில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். பெரும்பகுதி வறண்ட காடு. குடிநீர் கிடைப்பது அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே வந்தன. வழியிலேயே விழுந்து மடிந்தவர்களின் தொகை குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பலர் மடிந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை. கோப்பிக் காலத்தில் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். ஆகவே பிழைத்திருந்தவர்கள் அதே பாதையை மறுபடியும் நடந்தே கடந்தார்கள். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கி, அதன் இடத்தைத் தேயிலை பிடித்த பிறகே குடும்பங்களாகத் தங்குவது பெருகியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும்; பெண்களின் கை வேண்டும்.

அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில், மலையக வரலாற்றின் 200 ஆண்டுகளை முன்னிறுத்தி, இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். காணி, வீடு, சம்பளம், கல்வி, சம உரிமை என்று அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பல. அவற்றுள் எதுவும் புதிதன்று என்பதுதான் வேதனை.

இவ்வளவு வரலாற்றைச் சுமந்துகொண்டு விடுமுறைக்கு நடக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், நடக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து.

நான் வசிக்கும் பல்லேகலயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பெருவீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். கைத்தொழில் வலயம், சிறைச்சாலை, 2009இல் திறந்த சர்வதேச கிரிக்கெட் மைதானம் எல்லாம் வீதியோரமாகவே உள்ளன. போட்டி நாளென்றால் வீட்டுக்குப் போவதே ஒரு போட்டி. எங்கள் வீட்டிலும் காலை 5 மணிக்கே ஓட்டம் ஆரம்பம். மனைவி ஆசிரியை, மகள் உயர்தர வகுப்பில், மகன் 9ஆம் தரத்தில். சனியும் ஞாயிறும் பிரத்தியேக வகுப்புக்குச் சொந்தம். செய்தி அனுப்பும் எனது தொழிலுக்கு விடுமுறை என்று ஒரு நாள் எழுதிவைக்கப்படவில்லை. நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஒரே மேசையில் அமர்ந்து உண்பது வாரத்தில் ஒரு முறை நேர்ந்தால் அதிசயம்.

இத்தகைய குடும்பங்கள் விடுமுறை கிடைத்தால் என்ன செய்கின்றன? வான் ஒன்றை அமர்த்தி, மூன்று நாளில் ஏழு இடம் பார்க்கின்றன. வானுக்குள் ஆளுக்கொரு கைத்தொலைபேசி. வீட்டின் பரபரப்பைச் சக்கரத்தில் ஏற்றி ஊர்வலம் விடுவதற்கே சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நடை அப்படியன்று. நடையில் வேகத்தை நிர்ணயிப்பவர் குழுவில் மெதுவாக நடப்பவர். பேச விருப்பமில்லாதவரும் ஒரு மணி நேரம் கழித்துப் பேசத் தொடங்குகிறார். எங்கள் மகள் தனக்குப் பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்க விருப்பம் என்பதை முதன்முதலாகச் சொன்னது ரிவஸ்டன் பக்கம், பிட்டவல பத்தனையில் நடந்துகொண்டிருந்தபோது. வீட்டில் அந்தக் கேள்வியை நாங்கள் நூறு முறை கேட்டிருந்தோம். பதில் வந்த இடம் அந்தப் புல்வெளி.

இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழைக்காடு. மலையைக் கடந்து கிழக்கே இறங்கினால் உலர்ந்த காடு. நடுவே பாறைமீது படிந்த மெல்லிய மண்ணில் குட்டைப் புல் மட்டும் வளரும் பத்தனை வெளிகள். குறிஞ்சி திரிந்து பாலையாவதை ஒரே நாளில் கண்ணால் காணலாம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளுள் இதுவும் ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு இரவு திரும்பிவிடும் தூரம். ஆயினும் அயலவர் பலரின் பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதை அண்மைய ஆண்டுகளில் உலகப் பயணிகளிடையே புகழ்பெற்றுவிட்டது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதியளித்து உருவான திட்டம். பாதையின் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துறையும் அதன் வழியில்தான் வருகிறது. கொழுந்துக் கூடையோடு மக்கள் ஏறி இறங்கித் தேய்த்த தடம் இன்று உல்லாசப் பயணத் தடம் ஆகியிருக்கிறது.

அதன் முதற்கட்டத்தில், கலஹா நோக்கி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, மலைச் சரிவில் கொழுந்து கொய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் அக்கறையோடு கேட்டார்: "பஸ்ஸு ஏதும் ஒடைஞ்சிருச்சுங்களா ஐயா? புள்ளைகள வேற நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போறீங்களே." விடுமுறைக்கு நடக்கிறோம் என்றேன். சிரித்தார். "நாங்க லீவு கெடைச்சாப் படுத்துருவோம்ங்க" என்றார்.

நடை இன்பமாவது எப்போது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. கால் ஓய்ந்திருக்கும் உரிமை உள்ளவனுக்கே நடை இன்பம். நாட்சம்பளத்தில் வாழ்பவர், அந்தச் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடியவர், தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்த மலையைப் பார்க்கப் போவார்?

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண்சரிவில் குடும்பங்கள் புதையுண்டன. மலையில் நடக்கப் போகிறவர் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தை ஒத்திவைக்கலாம், ஒத்திவைக்கவும் வேண்டும். அந்தச் சரிவிலேயே லயன் காம்பராவில் வாழ்பவர் எதை ஒத்திவைப்பார்?

ஆகவே நடப்போம், நடக்கும் வழியில் சில கடமைகளையும் ஏற்போம். லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையை அனுமதியின்றிப் படம் எடுக்காதிருப்போம். வழிகாட்டியாகத் தோட்டத்து இளைஞரையே அமர்த்துவோம்; மதிய உணவை அங்குள்ள வீடொன்றில் சொல்லிவைத்து உரிய விலை கொடுத்து உண்போம். பாதையால் வருமானம் பெறுவோர், அந்தப் பாதையில் வேலைக்கு நடக்கும் பெண்களுக்கும் பயன்படும் கழிப்பறைகளை முதலில் கட்டட்டும். நகரப் பாடசாலைகள் மாணவரை நடைக்கு அழைத்துச் செல்லும்போது அயல் தோட்டப் பாடசாலை மாணவரையும் விருந்தாளிகளாகச் சேர்த்துக்கொள்ளட்டும். தான் பிறந்த மலையின் உச்சியை ஒரு முறையேனும் பார்க்காத பிள்ளைகள் அங்கே நிறைய உண்டு.

வீட்டுக்குள்ளும் ஒரு கடமை இருக்கிறது. குடும்ப நடை என்றால் அம்மா அதிகாலை 3 மணிக்கு எழுந்து சோற்றுப் பார்சல் கட்டுவதும், திரும்பிய இரவே சேறும் அட்டைக்கடி இரத்தமும் படிந்த உடைகளைத் துவைப்பதும் என்றால், அவருக்கு அது விடுமுறை அன்று. இடம் மாறிய வேலைநாள். எங்கள் வீட்டில் இப்போது சமையல் மகனும் நானும், துவையல் மகள். சோறு குழைந்துதான் போகிறது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

மாத்தளை அம்மாவின் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். நம் முன்னோர் நடந்தது போதும் என்பது உண்மை. அவர்கள் தெரிவு செய்து நடக்கவில்லை. விருப்பப்பட்டுப் புறப்பட்டு, விரும்பிய இடத்தில் நின்று, பொழுது சாயும் முன் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பும் நடை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலருக்கு அது இன்று கலிபோர்னியாவிலும் பல்லேகலயிலும் கிடைத்திருக்கிறது. கலஹாத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் அது கிடைக்கும் வரை, இந்த மலைகளில் நாம் விருந்தாளிகளாக நடக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.