நடக்காமலே முடிந்த வழக்கு

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை, கேரளக் கடற்கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில், 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகில் இருந்த இருவர் பலியானார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றொருவர் கேரள எல்லையை ஒட்டியுள்ள கன்னியாகுமரி மாவட்டம் பூத்துறையைச் சேர்ந்த இளைஞர். சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட இத்தாலியக் கடற்படை வீரர்கள் மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே ஆகிய இருவர் மீதும் இந்திய நீதிமன்றம் எதிலும் சாட்சி விசாரணை தொடங்கவில்லை. இத்தாலியிலும் தொடங்கவில்லை. இரண்டு நாடுகள், ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம், பத்தாண்டுக் கால வழக்காடல் இவ்வளவும் இருந்தும் கொலையா, தற்காப்பா, தவறுதலா என்ற கேள்விக்கு விடை சொல்ல ஒரு நீதிபதியும் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை.

கடற்கொள்ளையர் என்று கருதியே சுட்டதாக இத்தாலி கூறியது. நிராயுதபாணிகளான மீனவர்கள் என்பது இந்தியாவின் வாதம். இத்தகைய முரண்பட்ட கூற்றுகளை உரைத்துப் பார்ப்பதற்காகத்தானே குற்றவியல் விசாரணை என்ற ஏற்பாடே இருக்கிறது?

பழியை முழுவதும் ரோம் மீது போட்டுவிட முடியாது. நீண்டகரை கடலோரக் காவல் நிலையம் சம்பவம் நடந்தவுடன் வழக்குப் பதிவு செய்தது. நான்கு நாள்களில் இருவரும் கைதானார்கள். 2012 மே மாதமே கேரள போலீஸார் கொல்லம் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அதுவரை வேகம் இருந்தது. 2013 ஜனவரி 18-ஆம் தேதி, நீதிபதிகள் அல்தமஸ் கபீர், செலமேஸ்வர் அமர்வு, 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் நடந்த சம்பவத்தில் கேரள அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும், மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்கு தில்லிக்கு வந்தது. அதன் பிறகு அது நகரவே இல்லை.

தேசியப் புலனாய்வு அமைப்பிடம் விசாரணையை ஒப்படைத்தது மத்திய அரசு. அந்த அமைப்பு விசாரிக்க வேண்டுமானால் அதற்கென வரையறுக்கப்பட்ட சட்டங்களில் ஒன்று வழக்கில் இருந்தாக வேண்டும். எனவே கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எதிரான சட்டவிரோதச் செயல்களைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இழுக்கப்பட்டது. பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கென வந்த, மரண தண்டனைக்கு இடமுள்ள அந்தச் சட்டத்தை நட்பு நாட்டின் சீருடை வீரர்கள் மீது பிரயோகிக்கலாமா என்று இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியமும் கூக்குரலிட்டன. ஓராண்டு இழுபறிக்குப் பிறகு 2014 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. அப்படியானால் தேசியப் புலனாய்வு அமைப்புக்கு இங்கே என்ன வேலை என்று உடனே கேட்டது இத்தாலி. அடுத்த மாதமே தனி நீதிமன்ற நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. எந்தச் சட்டம், எந்த அமைப்பு, எந்த நீதிமன்றம் என்பதிலேயே காலத்தைத் தின்றுவிட்டு, எதிராளி சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டான் என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

இத்தாலி நடந்துகொண்ட விதமும் மெச்சத்தக்கதல்ல. தேர்தலில் வாக்களிப்பதற்காக நான்கு வாரம் ஊருக்குச் செல்ல 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இருவருக்கும் அனுமதி அளித்தது. தூதர் டேனியல் மன்சினி உறுதிமொழி கொடுத்திருந்தார். மார்ச் 11-ஆம் தேதி, அவர்கள் திரும்பப் போவதில்லை என்று இத்தாலி அறிவித்தது. தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, மார்ச் 22-ஆம் தேதி இருவரும் தில்லி வந்திறங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, உயிரிழந்தோரின் குடும்பங்களுடன் இத்தாலி செய்துகொண்ட பணச் சமரசத்தையும் உச்ச நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது. நாடுகளுக்கிடையேயான நீதித்துறை ஒத்துழைப்பு என்பது கொடுத்த வாக்கை நம்பி நடப்பது. அந்த நம்பிக்கையையே குலைத்துவிட்ட ஒரு நாட்டிடம், ஏழு ஆண்டுகள் கழித்து வழக்கையே ஒப்படைக்க நேர்ந்ததுதான் விபரீதம்.

2015-இல் இத்தாலி தொடங்கிய நடுவர் வழக்கில், தி ஹேக் நகரிலிருந்து இயங்கிய ஐந்து உறுப்பினர் தீர்ப்பாயம் 2020 மே மாதம் முடிவு சொன்னது. அரசுப் பணியில் இருந்த வீரர்கள் என்பதால் இந்திய நீதிமன்றங்கள் அவர்களை விசாரிக்க முடியாது என்று மூன்று பேர் கூறினார்கள், இருவர் மாறுபட்டார்கள். இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது என்றும், இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பாயம் கூறியது. இத்தாலி தன் நாட்டில் குற்ற விசாரணையை மீண்டும் தொடங்குவதாகக் கொடுத்த வாக்குறுதியையும் பதிவு செய்துகொண்டது.

2021 ஜூன் 15-ஆம் தேதி, நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, எம்.ஆர். ஷா அமர்வு இந்தியாவில் நிலுவையில் இருந்த வழக்குகளை ரத்து செய்தது. ஏற்கெனவே தரப்பட்ட 2.17 கோடி ரூபாய் தவிர, இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி எனப் பிரிக்கப்பட்டது. இத்தாலி விசாரணையைத் தொடர வேண்டும். ஆதாரங்களைப் பெறுவதில் மத்திய அரசும், கேரள அரசும், தேசியப் புலனாய்வு அமைப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 31-ஆம் தேதி, வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி ரோம் நீதிபதி ஒருவர் கோப்பை மூடினார். பணம் வந்து சேர்ந்ததும் தில்லிக்கு இந்த வழக்கில் அக்கறை போய்விட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

பணத்திலும்கூட, படகில் இருந்த மற்ற மீனவர்கள் முதலில் மறக்கப்பட்டார்கள். படகின் தலைவரும் தொழிலாளிகளும் அடைந்த மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பாயம் தெளிவாகக் கூறியிருந்தது. ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, 2022 நவம்பரில், உரிமையாளருக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தர உத்தரவானது. கண்ணெதிரே இருவர் சாய்ந்ததைப் பார்த்த சாட்சிகள் இவர்கள்.

இதே தென்கடலில் நடந்த இன்னொரு வழக்கை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற தனியார் பாதுகாப்புக் கப்பல் பிடிபட்டது. எஸ்டோனியர்கள், பிரிட்டிஷார், உக்ரைனியர்கள், இந்தியர்கள் என 35 பேர். அவர்கள் யாரையும் சுடவில்லை; அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அனைவருக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. தண்டனையும் விடுதலையும் சாட்சியத்தைப் பரிசீலித்த பிறகே வந்தன. இரண்டு உயிர்கள் போன வழக்கிலோ அந்தக் கட்டமே வரவில்லை. காவலர்கள் தனியார் நிறுவனத்தின் ஊழியர்களா, அரசின் சீருடை வீரர்களா என்பதே எல்லா வேறுபாட்டுக்கும் காரணம்.

தமிழக மீனவர்களுக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் 2017 மார்ச் 6-ஆம் தேதி கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இலங்கைக் கடற்படை தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. நாளை ஒரு வழக்கில் சுட்டது யார் என்பது நிரூபணமானாலும், அரசுப் பணியில் இருந்தவர் என்ற கேடயத்தை எந்த நாடும் உயர்த்திப் பிடிக்கலாம். தி ஹேக் முடிவு இந்த ஒரு வழக்கின் தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும், முன்னுதாரணமாக அதை எடுத்துக்காட்ட வழக்குரைஞர்கள் தயங்க மாட்டார்கள்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், வெளிநாட்டிலிருந்து சாட்சியம் கோருவதற்கும் அவர்கள் கோரினால் இங்கே திரட்டித் தருவதற்கும் வழி இருக்கிறது. ஒரு வழக்கையே இன்னொரு நாட்டிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கண்காணிக்கவும், கோப்பு மூடப்படுமானால் பாதிக்கப்பட்டவர் சார்பில் ஆட்சேபிக்கவும் அதில் வழி இல்லை. பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தங்களில் கையெழுத்திடும்போது இந்த ஷரத்துகளை வற்புறுத்திச் சேர்க்க வேண்டியது வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் பொறுப்பு.

அதற்கு முன்னதாக, 2021 உத்தரவின்படி என்னென்ன ஆவணங்கள் ரோமுக்கு அனுப்பப்பட்டன, எத்தனை மீனவர்களின் வாக்குமூலம் அங்கே பரிசீலிக்கப்பட்டது, கோப்பை மூடிய உத்தரவை எதிர்த்து இந்தியா என்ன செய்தது என்பதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ரோம் நீதிபதியின் உத்தரவைத் தமிழிலும் மலையாளத்திலும் மொழிபெயர்த்துப் பூத்துறைக்கும் கொல்லத்துக்கும் அனுப்பி வைப்பது அரசுக்குப் பெரிய செலவாகிவிடாது.