சதுரங்கத்துக்குப் புள்ளி பார்த்துப் பிள்ளை எடுக்காதீர்கள்

சதுரங்கம் கெட்டிக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் தோட்டப் பாடசாலையில் ஒரு சதுரங்க அணி அமைக்க நினைத்தாலும், தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியைப் பார்த்து ஆள் எடுக்கத் தோன்றுகிறது. அது தவறு.

பிலாலிச், மெக்லியோட், கோபே ஆகிய மூவரும் சதுரங்கம் ஆடும் 57 பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிவுத்திறனுக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கைகொடுத்தது பயிற்சி. மிக நன்றாக ஆடிய 23 பேரைத் தனியே பார்த்தபோது, அறிவுத்திறன் கூடியவர்களே சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் செலவிட்ட நேரம் குறைவு.

காரணம் விளங்காததல்ல. உண்மை ஆட்டத்தின் காய் நிலையைச் சில விநாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் அதை அப்படியே அடுக்கிவிடுவார். காய்களைக் கண்டபடி சிதறடித்து வைத்தால் அந்தத் திறமை பெரும்பாலும் மறைந்துவிடும். சேஸும் சைமனும் 1973இல் காட்டியது இது. தேர்ந்த ஆட்டக்காரர் மனதில் இருப்பது ஆடி ஆடிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான காய் அமைப்புகள்.

பயிற்சி மட்டும் போதுமென்றும் சொல்லமாட்டேன். ஆர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, ஒருவர் ஏறத்தாழ 3,000 மணிநேரத்தில் மாஸ்டர் தரத்தை எட்டினார். இன்னொருவருக்கு 23,000 மணிநேரத்துக்கு மேல் பிடித்தது. ஆனால் யார் எந்த வகை என்பது, ஆடவிட்டுப் பார்க்காமல் தெரியாது.

ஆடவிடுவதற்குச் சூழல் வேண்டும். சென்னையில் 1972இல் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் ஆனந்துக்குத் தன்னைவிட வலுவான எதிராளிகள் கிடைத்தார்கள். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024இல் அதே நகரத்துக் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார்.

நம் தோட்டப் பிள்ளைகளின் சூழல் வேறு. லயத்துக் காம்பராவில் பலகையை விரித்து வைக்கவே இடம் போதாது. கொழும்புப் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 5 வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். வெறும் வயிற்றோடு எந்தப் பிள்ளையால் பலகையில் கவனம் வைக்க முடியும்?

ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களிடமும் அதிபர்களிடமும் கேட்கிறேன்: பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள். விரும்பி வரும் பிள்ளைகள் எல்லோரையும் சேருங்கள். சிற்றுண்டி கொடுங்கள். ஆடிய ஆட்டத்தைக் கொப்பியில் எழுதவைத்து, தோற்ற இடத்தை ஆசிரியரோடு திரும்பப் பார்க்கச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பாடசாலைகளை மோதவிடுங்கள். இரண்டு வருடம் இப்படி ஆடவிட்ட பிறகு அணியைத் தெரிவு செய்யுங்கள்.

(கட்டுரையாளர், கல்வி உளவியல் விரிவுரையாளர்)