20 வீத எதனோல்: யாருடைய செலவில்?

2030க்கு வைத்த இலக்கை 2025இலேயே தொட்டுவிட்டது இந்தியா: பெற்றோலில் 20 வீதம் எதனோல். எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு விவசாயிக்கும் வருமானம். நல்லதுதான்.

ஆனால் எதனோலில் சக்தி பெற்றோலை விட மூன்றிலொரு பங்கு குறைவு. பழைய கார்கள் லீற்றருக்கு ஓடும் தூரம் 6 முதல் 7 வீதமும், மோட்டார் சைக்கிள்களில் 3 முதல் 4 வீதமும் குறையும் என்று அரசின் நிதி ஆயோக் 2021இலேயே கணக்குச் சொன்னது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய வரிச்சலுகை தரலாம் என்றும், பழைய வாகனங்களுக்கு 10 வீதக் கலப்பு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. இலக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சலுகை விலையில் வந்து சேரவில்லை. எதனோல் கலக்காத பெற்றோலையும் விற்கக் கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டெம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய மோட்டார் சைக்கிளில் கூலி வேலைக்குப் போகிறவர் அதே விலையைக் கொடுத்துக் குறைந்த தூரம் ஓடுகிறார்.