ஓரங்கட்டப்பட்ட குதிரை!

ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே குதிரைச் சின்னம். ஆனால், அமெரிக்காவின் பழைய கார் சந்தையில் ஒன்றுக்கு ராஜ மரியாதை. இன்னொன்றை ஏறெடுத்துப் பார்க்கவும் ஆள் குறைவு. ஃபோர்டு மஸ்டாங்கின் கதை இது.

அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்களைக் கிறங்கடித்தவை ‘மஸில் கார்கள்’. அளவான உடம்பு, பெரிய வி8 இன்ஜின். 1964-ல் வந்த மஸ்டாங்கும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட, பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. அந்த நேரத்தில் ஃபோர்டு இறக்கிய சின்ன கார்தான் ‘மஸ்டாங் 2’. அமெரிக்காவில் விற்ற 1974 மாடலில் வி8 கிடையாது. அடிப்படை இன்ஜினின் சக்தி வெறும் 88 குதிரைத்திறன். ஆனாலும், முதல் வருடமே 3,80,000-க்கும் மேல் விற்றது!

அன்று அப்படி விற்ற கார், இன்று ஏன் விலை போகவில்லை? பழைய காருக்கு விலை வைப்பது ஆசைதான். சின்ன வயதில் சுவரில் படம் ஒட்டி ரசித்த காரைத்தான், கையில் காசு சேர்ந்ததும் தேடுகிறார்கள். அப்பா சிக்கனத்துக்காக வாங்கிய காரை அல்ல. 1971-ம் வருடத்து பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது அப்படித்தான்.

மஸ்டாங் 2-ஐயும் சிலர் தேடி வாங்கினார்கள். எதற்கு? அதன் முன்பக்க சஸ்பென்ஷனுக்காக! அதைக் கழற்றி வேறு பழைய காரில் மாட்டிக்கொண்டு, மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, சீட் தைத்து, இன்ஜினைப் பிரித்து மாட்ட இரண்டு கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அறுபதுகளின் மஸ்டாங் என்றால் விற்கும்போது அந்தப் பணம் ஓரளவு திரும்பும். மஸ்டாங் 2-ல் திரும்புவது கஷ்டம். அதனால், விவரமானவர்கள் இன்னொருவர் செலவு செய்து முடித்த காராகப் பார்த்து வாங்குகிறார்கள்.

விலை குறைந்த காரில் ஒரு நிம்மதியும் உண்டு. கீறல் விழுமோ என்று போர்த்தி வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐஸ்க்ரீம் கடை வரை போய்வரலாம். 35 லட்சம் டாலர் காரை அப்படி எடுத்துப்போக யாருக்கு மனசு வரும்?