சாவிக்கொத்தும் தாயத்தும் போதும் என்றிருப்பதா?

ஒருவர் வலிப்பு கண்டு விழுந்தால், சுற்றி நிற்போர் முதலில் தேடுவது இரும்புச் சாவியை. நெல்லை சந்திப்பானாலும் மேலப்பாளையம் கடைவீதியானாலும் இதில் மாற்றமில்லை. சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது என்று சாட்சி சொல்வோரும் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும் என்பதே உண்மை. சாவி இல்லாவிட்டாலும் அது நின்றிருக்கும்.

அடுத்து வருவது "ஜின் பிடித்திருக்கிறது" என்னும் தீர்ப்பு. தாயத்து கட்டுகிறோம், ஊர் ஊராக அழைத்துச் செல்கிறோம், மருத்துவரிடம் மட்டும் செல்வதில்லை. நோயைப் பேய் என்று நம்பியதன் விலையை நம் தமிழகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். வலிப்பு மனநோய் அன்று. ஆனால் இரண்டையும் மருத்துவத்திடமிருந்து மறைக்கும் மனநிலை ஒன்றே.

மூளை நரம்பணுக்களின் மின்செயல் சிறிது நேரம் கட்டுமீறுவதே வலிப்பு. தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவை காரணமாகலாம். நாடாப்புழுவின் முட்டையும் ஒரு காரணம். "நாம்தான் பன்றி இறைச்சி உண்பதில்லையே" என்று இருந்துவிட முடியாது. மனிதக் கழிவு கலந்த நீராலும் கழுவாத காய்கறியாலும் அம்முட்டை வயிற்றுக்குள் சென்று, மூளையில் கட்டியாகிறது. பன்றியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களிலும் 1990களின் தொடக்கத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது. சாக்கடை கலக்கும் தாமிரபரணியின் கரையில் வாழும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மார்க்கத்தை ஆதாரம் காட்டுவோருக்கு ஒரு கேள்வி. வலிப்பு கண்ட பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. பொறுமைக்குச் சொர்க்கம் என்றும், விரும்பினால் குணமடையத் துஆச் செய்வதாகவும் நபியவர்கள் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார்; வலிப்பின்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவரை யாரும் ஒதுக்கவில்லை. சொர்க்கத்துப் பெண் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவரைச் சுட்டிக்காட்டினார்கள். இதைச் சொல்லி மாத்திரையைக் கைவிடச் சொல்வோர், மருத்துவம் செய்துகொள்ளுமாறு அதே நபி (ஸல்) ஏவியதை ஏன் சொல்வதில்லை?

நம் வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் கொடிது. நோயை மறைத்து நிக்காஹ் முடிக்கிறோம். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளிக்க வழியின்றி அவள் நிறுத்திவிடுகிறாள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரையே பறிக்கலாம். பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பழி, பலருக்குத் தலாக். வலிப்பைக் காரணமாக்கிய விதியை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கினார்கள். நாம் எப்போது திருந்துவோம்? முறையாக மருந்து உட்கொண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ரமளானிலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டு வேளையை மாற்றலாம். இயலாதவருக்கு நோன்பில் சலுகையை அல்லாஹ்வே அளித்திருக்கிறான்.

ஆகவே ஜமாஅத்துகளைக் கேட்கிறோம்: ஒரு ஜும்ஆ பயானை இதற்கு ஒதுக்குங்கள். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். வலிப்பு உள்ளவர் தனியே ஆற்றில் குளிக்கலாகாது என்பதையும் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வழி தெரியாதவர்களை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.

விலகிய ஆடையைச் சரிசெய்து, கூட்டத்தை விலக்கி நிற்பவரே அந்தப் பெண்மணியின் கவலையைப் புரிந்துகொண்டவர்.