கேட்டதைக் குறித்து வையுங்கள்

தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும் நம்மவர்களில் பலர் இப்போது காதில் இயர்போனுடன் பாட்காஸ்ட் கேட்கிறார்கள். நல்ல பழக்கந்தான். ஆனால் அறைக்குத் திரும்பியதும், "இன்சுலின் வேண்டாமாம், பாகற்காய்ச் சாறே போதுமாம்" என்று பேச்சு கிளம்புகிறது. சொன்னவர் டாக்டரா, வியாபாரியா? யாருக்கும் ஞாபகமில்லை. அதை நம்பி ஊசியை நிறுத்துகிறவர் கதி என்ன?

அந்நாளைய சிற்றலை நேயர்கள் இப்படி இல்லை. 1963-ல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவு போன்றவற்றைக் கேட்டு, நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் எல்லாம் நோட்டில் குறிப்பார்கள். ஒலித் தெளிவுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் வேறு! எழுதியனுப்பிய விவரம் சரியாயிருந்தால் நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும்.

இன்று அட்டை அனுப்ப ஆளில்லை. செல்போனே பட்டியல் வைத்திருக்கிறதே என்பீர்கள். நாம் தூங்கிப்போனதையும் கேட்டதாகவே அது கணக்கெழுதும்.

தபாலைப் பதிவேட்டில் ஏற்றிப் பழகிய குமாஸ்தா அன்பர்களுக்கு இது சிரமமில்லை. நாள், நிகழ்ச்சி, பேசியவர், சொன்னது ஒரு வரி. போதும். மருந்தோ பணமோ சம்பந்தப்பட்டதானால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். விவரமறிந்தவரிடம் விசாரித்த பிறகே அதை அடியுங்கள்.