பெயர் சொல்லிக் கலந்த இசை

சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்னின் ‘மஸாடா’ குழுவில் நால்வர். ஆல்டோ சாக்ஸபோன், டிரம்பெட், பாஸ், டிரம்ஸ். பியானோ கிடையாது. 1959இல் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஜாஸ் ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்த அதே அமைப்பு. வாசிக்கும் சுரங்களோ கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாணங்களில் ஒலித்தவை. ஃப்ரைகிஷ் என்று அவர்கள் சொல்லும் சுர வரிசை நம் வகுளாபரண ராகத்துக்குரியது. 1994இலிருந்து வெளிவந்த அந்த இசைத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம், கலப்பில் நேர்மை என்றால் என்ன என்ற கேள்வி நமக்குள் எழுகிறது.

ஏனெனில் ஜாஸும் க்ளெஸ்மர் எனப்படும் அந்தக் கல்யாண இசையும் கலந்தது அப்போது புதிதல்ல. ஷோலோம் செகுண்டா 1932இல் அந்த யூதர்களின் மொழியான யிட்டிஷில் ஒரு நாடகத்துக்கு மெட்டமைத்த ‘பை மிர் பிஸ்ட் டு ஷேன்’ பாட்டை, ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் கறுப்பினப் பாடகர்கள் இருவர் யிட்டிஷிலேயே பாடினார்கள். அதைக் கேட்ட பாடலாசிரியர் ஸாமி கான் இன்னொருவருடன் சேர்ந்து ஆங்கில வரிகள் எழுத, 1937இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் குரலில் பாட்டு அமெரிக்கா முழுக்கப் பரவியது. உரிமை கைமாறியது 30 டாலருக்கு. ஏப் ஷ்வார்ட்ஸ் 1918இல் பதிவுசெய்த க்ளெஸ்மர் மெட்டு ஒன்று 1939இல் பென்னி குட்மன் குழுவில் ‘அண்ட் தி ஏஞ்சல்ஸ் சிங்’ ஆயிற்று. அதில் டிரம்பெட் வாசித்த ஸிக்கி எல்மனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹாரி ஃபிங்கல்மன். மெட்டும் பெயரை மாற்றிக்கொண்டது, வாசித்தவரும் மாற்றிக்கொண்டார். பிழைக்க வந்த இடத்தில் அவர்களுக்குத் திறந்திருந்த வழி அது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

பிறகு நேர்ந்தது பேரழிவு. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, லடினோ மொழிப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த செபார்டிக் யூதர்களின் சலோனிகா நகரையும் 1943இல் ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். மெட்டின் பெயரைக் கேட்டறிய ஆளில்லாமல் போயிற்று.

அதனால்தான் 1970களிலிருந்து க்ளெஸ்மரை மீட்க வந்தவர்களின் உழைப்பு நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழைய 78 சுழற்சித் தட்டுகளைத் தேடிப்பிடித்து, கமகம் கமகமாகக் கேட்டுப் பயின்றார்கள். ஆண்டி ஸ்டாட்மன் முதியவர் டேவ் டாராஸிடம் நேரில் போய்க் கிளாரினெட் கற்றார். பாஸ்டனில் 1980இல் ஹாங்கஸ் நெட்ஸ்கி தொடங்கிய க்ளெஸ்மர் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவர் டான் பைரன் என்ற கறுப்பினக் கலைஞர். 1993இல் அவர் யூத நகைச்சுவை இசைக் கலைஞர் மிக்கி கட்ஸின் இசைக்கென்றே ஒரு தட்டு வெளியிட்டார், கட்ஸின் பெயரை அட்டையில் போட்டு. பியானோ கலைஞர் அந்தோணி கோல்மன் தன் மூவர் குழுவுக்கு ‘செபார்டிக் டிஞ்ச்’ (செபார்டிக் சாயல்) என்று பெயர் வைத்தார். ஜாஸுக்கு ‘ஸ்பானிஷ் டிஞ்ச்’ வேண்டும் என்று சொன்ன ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு அது வணக்கமும் பதிலும் ஆகும். இப்படிப்பட்ட தட்டுகளை வெளியிட 1995இல் ஸோர்ன் ‘ட்ஸாடிக்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் தொடாததைச் சிறிய கைகள் சுமக்கும் வேலை சிற்றிதழ்க்காரர்களுக்குத் தெரியாததா?

பைரனுக்குக் க்ளெஸ்மர் பிறப்பால் வரவில்லை, பயிற்சியால் வந்தது. ஆகவே இன்னாருக்கே இந்த இசை என்று வேலி போடுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் விழுங்குவோருடனும் இல்லை. யாரிடம் கற்றோம், எந்த ஊர் மெட்டு, எந்த மொழிப் பாட்டு என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு எவ்வளவு துணிச்சலாக வேண்டுமானாலும் வாசிக்கட்டும். அந்தத் துணிச்சலின் பக்கம் நிற்கிறோம்.